மண்டப உரிமையாளர்களே, முழுக் கணக்கையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்

மதிப்பிற்குரிய திருமண மண்டப உரிமையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும்,

வணக்கம். போன தை மாதம் திருச்சியில் எங்கள் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. நானும் என் கணவரும் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம். எந்த மண்டபம் என்று சொல்லப்போவதில்லை. அதற்கப்புறம் நாங்கள் விசாரித்த நண்பர்கள் பலரும், வேறு வேறு ஊர்க்காரர்கள், இதே கதையைத்தான் சொன்னார்கள்.

நிச்சயம் முடிந்த வாரமே நாங்கள் இருவரும் கணக்குப் போட உட்கார்ந்துவிட்டோம். கடன் வாங்கக் கூடாது, அப்பாக்களின் பிஎஃப் பணத்தைத் தொடக் கூடாது. இருவர் சேமிப்பும் சேர்ந்து 7 லட்சம் ரூபாய், அதற்குள் முடிக்க வேண்டும். கூறைப்புடவை, சாப்பாடு, மேளம், மாலை, போட்டோ, தாம்பூலப் பை என்று 200 பக்க நோட்டு ஒன்றில் வரிவரியாக எழுதினோம். தங்கம் விற்கிற விலையைப் பார்த்து, புதுக் கொடி வாங்காமல் அம்மாவின் பழைய செயினிலேயே தாலியைக் கோத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். அம்மாவைச் சம்மதிக்க வைக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. அப்படி ஒவ்வொரு வரியிலும் போராடித்தான் அந்த நோட்டு 7 லட்சத்துக்குள் வந்தது.

மண்டப வரியில் நாங்கள் எழுதியது இது: வாடகை 1,80,000, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 32,400, ஆக மொத்தம் 2,12,400. முன்பணம் கட்டிய நாளில் எங்களிடம் சொன்னதும் இவ்வளவுதான். "கரண்ட், கிளீனிங் எல்லாம் சின்னச் சின்னது, கடைசியில் பார்த்துக்கலாம்" என்றார் மேலாளர். நாங்களும் தலையாட்டிவிட்டோம்.

கடைசியில் பார்த்தது இதுதான். கரண்ட் 640 யூனிட், யூனிட்டுக்கு 30 ரூபாய் வீதம் 19,200. ஜெனரேட்டர் மூன்று மணி நேரம், 7,500. சுத்தம் செய்ய 12,000. கேஸ் சிலிண்டர் ஆறு, 13,200. மணமேடை அலங்காரத்துக்கு எங்கள் ஆளைக் கூட்டி வந்ததற்கு 15,000. எல்லாம் சேர்த்து 66,900. ஏற்கெனவே கட்டியிருந்த 25,000 வைப்புத்தொகையைக் கழித்துக்கொண்டு, மீதி 41,900 கேட்டார்கள்.

கேட்ட நேரத்தைத்தான் எங்களால் மறக்க முடியவில்லை. மதியப் பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மூன்று மணிக்குள் காலி செய்ய வேண்டும். சாமான் வேனில் ஏறிக்கொண்டிருந்தது. மேலாளர் அறையில் அப்பா நின்றுகொண்டிருந்தார், அவரை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. கையில் இருந்த பணம் போதாமல், அக்குளில் இடுக்கியிருந்த மஞ்சள் பையைத் திறந்து மொய்க் கவர்களைப் பிரித்து எண்ணத் தொடங்கினார். அதில் பாதி இன்னும் மொய் நோட்டில் ஏறவே இல்லை. மொய்ப் பணம் வரவு இல்லை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நாளைக்கு அவரவர் வீட்டு விசேஷத்தில் திருப்பி வைக்க வேண்டிய பணம் அது. எட்டு பேருடைய கவர்களில் எவ்வளவு இருந்தது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அப்பாவுக்கு அது பெரிய உறுத்தல்.

அதே நாள் சமையல்காரருக்கும் கணக்கு முடித்தோம். முதல் பேச்சிலேயே இலைக்கு இவ்வளவு என்று எழுதிக் கொடுத்தவர் அவர். பந்தி தொடங்கும் முன் இலைக் கட்டுகளை என் மாமாவை வைத்து எண்ணவிட்டார். முடிந்ததும் மிச்ச இலைகளை அவர் முன்னாலேயே எண்ணிக் கழித்தார். பேசியதைவிட 38 இலை கூடப் போயிருந்தது. ஒரு வார்த்தை பேசாமல் கொடுத்தோம், கொடுக்கும்போது மனசும் நிறைந்திருந்தது.

உங்கள் சிரமமும் எங்களுக்குப் புரிகிறது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, புரட்டாசியில் பலர் வைப்பதில்லை. மிஞ்சிய மாதங்களில் விரல் விட்டு எண்ணும் முகூர்த்த நாட்களில் வருகிற வருமானத்தில்தான் வருஷம் முழுக்க வாட்ச்மேன் சம்பளம், சொத்து வரி, பராமரிப்பு எல்லாம் பார்க்க வேண்டும். 2020-இல் கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடக் கூடாது என்றிருந்தபோது நீங்கள் பட்ட பாடும் தெரியும். அதனால் வாடகையைக் குறைக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. 2,79,300 ஆகும் என்று முதலிலேயே சொல்லியிருந்தால், அதைவிடச் சின்ன மண்டபம் பார்த்திருப்போம், அல்லது ரிசப்ஷனை விட்டிருப்போம். அந்த முடிவை எடுக்கிற வாய்ப்பு எங்களுக்குக் கிடைக்காமல் போனதுதான் வருத்தம்.

முன்பணம் வாங்கும்போதே ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். கரண்ட் யூனிட் என்ன விலை, ஜெனரேட்டர் மணிக்கு எவ்வளவு, ஏசி எத்தனை மணி நேரம், வெளி சமையல்காரரும் வெளி அலங்காரக்காரரும் வந்தால் தனிக் கட்டணம் உண்டா, சிலிண்டரை நாங்களே கொண்டு வரலாமா, தேதி மாறினால் முன்பணத்தில் எவ்வளவு திரும்பும். சாவி கொடுக்கும்போதும் திரும்ப வாங்கும்போதும் எங்கள் வீட்டு ஆள் ஒருவரை மீட்டர் பெட்டி வரை கூட்டிப் போய் ரீடிங்கைக் காட்டுங்கள். இரண்டு நிமிஷ வேலை. எங்களுக்கு யாரும் காட்டவில்லை, 640 என்ற எண்ணை அப்படியே நம்பினோம்.

அப்புறம் ரொக்கம். "பில் வேண்டாம்னா ஜிஎஸ்டி இல்லை, கேஷாக் கொடுத்துடுங்க" என்று எங்களிடமும் கேட்டார்கள். ஒரே விசேஷத்துக்காக ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் 2017 ஏப்ரலிலிருந்து அனுமதிப்பதில்லை. மீறினால் அபராதம் வாங்கியவருக்கு, அதுவும் வாங்கிய தொகை அளவுக்கே. எங்களுக்கோ பில் இல்லையென்றால் பிறகு எதையும் கேட்க வழியில்லை. நாங்கள் வங்கி வழியாகக் கட்டி பில் வாங்கினோம், ஆனால் அந்த 66,900-க்கு மட்டும் வந்தது ஒரு துண்டுச் சீட்டுதான்.

என் கணவரின் தங்கைக்கு வைகாசியில் நாள் பார்த்திருக்கிறோம். மாப்பிள்ளையும் அவளும் எங்கள் நோட்டை வாங்கிக்கொண்டு, மண்டப வரிக்குக் கீழே ஒன்பது வரி கூடுதலாகக் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் அந்த நோட்டோடு மண்டபம் பார்க்கக் கிளம்புகிறோம். உங்களில் யாரிடம் வந்தாலும் தயவுசெய்து அந்த ஒன்பது வரியையும் நிரப்பிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

அன்புடன்,
திருச்சியிலிருந்து ஒரு தம்பதி