இரண்டாம் தவணை நிறைவும் வாசிப்புப் பை குறித்த ஒரு வேண்டுகோளும்

ரோஸ் ஹில், மொரீசியஸ்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு வணக்கம்.

நமது சனிக்கிழமைத் தமிழ்ப்பள்ளியின் இரண்டாம் தவணை இனிதே நிறைவடைகிறது. வருஷப்பிறப்புக் கலைநிகழ்ச்சியில் பிள்ளைகள் உற்சாகமாகப் பங்கேற்றார்கள். குறள் ஒப்பித்தலிலும் எழுத்துப் பயிற்சியிலும் நல்ல முன்னேற்றம் தெரிகிறது. மற்ற விவரங்கள் மதிப்பெண் அட்டையில் உள்ளன.

சின்ன வகுப்புப் பிள்ளைகள் வாரந்தோறும் வீட்டுக்குக் கொண்டுவரும் வாசிப்புப் பையைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. அதில் இருப்பவை பிள்ளையின் கை படாமல் நகராத கதைகள். 1980இல் எரிக் ஹில் வெளியிட்ட நாய்க்குட்டிக் கதையில், குட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்று அறியப் பிள்ளையே ஒவ்வொரு மடிப்பையும் தூக்கிப் பார்க்கவேண்டும். பிரெஞ்சு ஓவியர் எர்வே துல்லே 2010இல் வெளியிட்ட புத்தகத்தில் மஞ்சள் புள்ளியை அழுத்திப் பக்கத்தைப் புரட்டினால் புள்ளி இரண்டாகிறது. கைதட்டினால் புள்ளிகள் பெரிதாகின்றன. எல்லாம் முன்பே அச்சடிக்கப்பட்டதுதான் என்றாலும், தன்னால்தான் கதை நகர்ந்தது என்று பிள்ளை உறுதியாக நம்புகிறது. அந்தப் பிரெஞ்சு வரிகளின்மேல் எங்கள் ஆசிரியைகள் 'அழுத்து', 'தேய்', 'ஊது' என்று தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். கரும்பலகையில் பலமுறை எழுதிப்போட்டும் நாவில் ஏறாத சொற்கள் இவை.

ஆனால் பல பைகள் சனிக்கிழமை கட்டிய முடிச்சு அவிழாமலே திரும்புகின்றன. உடன் வரும் குறிப்பேட்டிலோ 'வாசித்தோம்' என்ற கையெழுத்து இருக்கிறது. பிள்ளைகளைக் கேட்டால், போனில் அந்தக் கதையின் வீடியோவைப் போட்டுக் காட்டியதாகச் சொல்கிறார்கள். புத்தகம் கிழிந்துவிடும் என்று அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிடும் வீடுகளும் உண்டு.

வீட்டில் கிரியோல் பேசுகிறோம், எங்களுக்கே தமிழ் வாசிப்பு திணறுகிறது என்று சிலர் தயக்கத்துடன் கூறியிருக்கிறீர்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கதையைக் கிரியோலிலேயே சொல்லுங்கள். ஒட்டிய சொல்லை மட்டும் தமிழில் சொல்லி, பிள்ளை செய்யும்வரை பொறுத்திருங்கள். அமெரிக்காவில் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கம்போல் வாசித்துக் காட்டப்பட்ட குழந்தைகளைவிட, கேள்வி கேட்டுப் பேசவைத்து வாசித்த பெற்றோரின் குழந்தைகள் நான்கே வாரங்களில் பேச்சில் முந்தினார்கள். வீடியோ யாருடைய பதிலுக்கும் காத்திருப்பதில்லை.

வாசிக்காத புத்தகத்துக்குக் கையெழுத்திடுவதைப் பள்ளி ஏற்காது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இடும் கையெழுத்தைப் பிள்ளையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. மூன்றாம் தவணை முதல், பிள்ளை வகுப்பில் இரண்டு பக்கங்களைச் செய்துகாட்டிய பின்னரே அடுத்த புத்தகம் தரப்படும். இல்லையேல் அதே புத்தகம் மீண்டும் வீட்டுக்கு வரும்.

மடிப்புகள் கிழிந்தால் அபராதம் கிடையாது. கிழிந்த கதவு வடிவ மடிப்பு ஒன்றுக்குப் பதிலாக, பழைய காலண்டர் அட்டையை அளவாக வெட்டி ஒட்டி அனுப்பியிருந்தார் ஒரு தாத்தா. முந்தைய கதவைவிட அது உறுதியாக இருக்கிறது. அவருக்கும், வேலைக் களைப்போடும் பிள்ளையருகே அமர்ந்து புள்ளிகளை ஊதிய பெற்றோர் அனைவருக்கும் பள்ளியின் சார்பில் நன்றி. விடுமுறைக்குரிய பைகளை வரும் சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் பெற்றுக்கொள்ளுங்கள்.

இங்ஙனம்,
தலைமையாசிரியர்