டிக்கின்சன் ஏன் போனான்?

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியதிலிருந்து மனசு ஒரு மாதிரியாகவே இருக்கிறது. அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ நடுவில் புகுந்து வாதாடுவாய், நானும் சரி போ என்று விட்டுவிடுவேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

2025இல் என்பிஏ என்கிற தொழில்முறைக் கூடைப்பந்து லீக் புது ஆட்டக்காரர்களை எடுக்கிற டிராஃப்டில் 59 பேரைக் கூப்பிட்டார்கள். உன் காலேஜ் டீமை விட்டு வேறு காலேஜுக்குப் போன ஹன்ட்டர் டிக்கின்சன் பேர் அதில் வரவில்லை. "நல்லா வேணும்மா அவனுக்கு, காசுக்காக ஓடினான் இல்ல" என்று சொல்லிச் சிரித்தாயே, அந்தச் சிரிப்புதான் என்னைத் தூங்கவிடவில்லை.

உன் கோபம் எனக்குத் தெரியாததா? 2020இல் நீயும் அவனும் ஒரே நேரத்தில் ஆன் ஆர்பரில் இருக்கிற மிச்சிகன் யூனிவர்சிட்டிக்குப் போனீர்கள். கொரோனா காலம். ஸ்டேடியத்துக்குள் உங்களை விடவில்லை. ஹாஸ்டல் அறையில் தனியாக லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தாய். யாரையும் தெரியாத அந்த வருஷத்தில் உனக்குத் துணை அவன் ஆடிய அந்த மிச்சிகன் டீம்தான். காலேஜ்களுக்கான தேசியப் போட்டியில் கடைசி எட்டு அணிகளுக்குள் வந்து, யூசிஎல்ஏவிடம் 51-49 என்று இரண்டே புள்ளியில் தோற்ற ராத்திரி எனக்குப் போன் போட்டுவிட்டு, பேசாமலேயே இருந்தாய். நானும் போனை வைக்கவில்லை.

அப்புறம் அந்த விஸ்கான்சின் ஆட்டம், 2023 பிப்ரவரி 26. என்னையும் கூட்டிப்போனாய். மூன்று புள்ளி பின்னால் இருக்கிறோம், நேரம் முடியப்போகிறது. ஏழடிக்கு மேல் வளர்ந்த அந்த டிக்கின்சன் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே இருந்து வீசுகிறான், பந்து கூடைக்குள் விழுகிறது. நீ என்னைத் தூக்கிய தூக்கில் என் மூக்குக்கண்ணாடி முன் வரிசைக்குப் போய் விழுந்தது. கூடுதல் நேரத்தில் 87-79 என்று ஜெயித்தோம். அதைப் பாதிக் கண்ணோடுதான் பார்த்தேன், ஆனாலும் அப்படி ஒரு சந்தோஷம்.

அடுத்த மாதக் கடைசியில் அவன், வேறு காலேஜுக்கு மாற நினைக்கிறவர்கள் பதிகிற டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பேர் கொடுத்துவிட்டான். மே மாதம் கேன்சஸ் யூனிவர்சிட்டி என்று முடிவாயிற்று. அன்றைக்கு நீயும் உன் சிநேகிதர்களும் நம் வீட்டு பேஸ்மென்டில் நடுராத்திரி தாண்டியும் சண்டை போட்டீர்களே, மேலே தோசை ஊற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டேன். பணம்தான், வேறென்ன என்றான் ஒருத்தன். மார்ச்சில் நடக்கிற அந்தத் தேசியப் போட்டிக்கே தகுதி பெறாத டீமில் அவன் ஏன் இருக்க வேண்டும் என்றான் இன்னொருத்தன். கூட ஆடிய பஃப்கினும் ஜெட் ஹவர்டும் என்பிஏவுக்குப் போகிற நேரம், யாரை வைத்து ஜெயிப்பான் என்று ஒரு பெண் கேட்டாள். கூடைக்கு அடியில் நின்று ஆடுகிற பெரிய உருவத்துக்கு என்பிஏவில் இப்போது மவுசு இல்லை, அவன் சம்பாதிப்பதென்றால் காலேஜில் இருக்கும்போதுதான் முடியும் என்றாள் அவளே. நீ மட்டும் திரும்பத் திரும்ப ஒரே வார்த்தையைச் சொன்னாய். துரோகி.

ஆளுக்கு ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் தள்ளினீர்கள். எல்லாமே சேர்ந்து இருந்திருக்கலாம் என்று அந்த அறையில் ஒருத்தர்கூடச் சொல்லவில்லை.

பணத்தை அவன் மறைக்கவும் இல்லை. மிச்சிகனில் ஒரு வருஷத்துக்குத் தனக்குக் கிடைத்தது லட்சம் டாலருக்கும் கீழே என்று வாய்விட்டே சொன்னான். பத்தாயிரம் டாலர் கூடக் கிடைத்தால், என்னைத் திட்டுகிறவர்களும் இப்போதே வேலையை மாற்றிக்கொள்வார்கள் என்றும் சொன்னான். உனக்கு அதுதான் சுருக்கென்று தைத்தது. 2021 ஜூலை வரை இந்தப் பிள்ளைகள் தங்கள் பேரை வைத்து ஒரு காசு வாங்கியிருந்தாலும் காலேஜ் விளையாட்டு விதிப்படி குற்றம். அந்த வருஷம் வரைக்கும் வேறு காலேஜுக்கு மாறினால் பெரும்பாலும் ஒரு வருஷம் பெஞ்சில் உட்கார வேண்டும். கோச்சுகளுக்கு அப்படி எதுவும் கிடையாது.

அடுத்த சீசனில் நாம் 8 ஜெயித்து 24 தோற்றோம், கோச் மாறினார். டஸ்டி மே ஃப்ளோரிடா அட்லாண்டிக் யூனிவர்சிட்டியை விட்டு வந்தார், கூடவே அவர் டீமில் ஆடிய கோல்டினும் வந்தான். யேலிலிருந்து டேனி வுல்ஃப் வந்தான். அன்றைக்கு நீ சந்தோஷத்தில் குதித்த குதி எனக்கு ஞாபகம் இருக்கிறது. டிக்கின்சன் பேர் வராத அதே டிராஃப்டில் வுல்ஃபை 27ஆவது ஆளாக புரூக்ளின் அணி எடுத்தபோது "நம்ம பையன்" என்றாய். யேலில் அவனுக்காகத் தொண்டை கிழியக் கத்திய ஒரு பிள்ளை இருந்திருக்கும் இல்லையா? அதற்கும் ஒரு அம்மா இருந்திருப்பாள்.

உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 2009இல் உனக்கு ஏழு வயசு. ஜிஎம்மும் கிரைஸ்லரும் திவாலான வருஷம். அவர்களுக்கு பார்ட்ஸ் செய்துகொடுத்த கம்பெனிகளும் ஆட்டம் கண்டன, அப்பாவுக்கு வேலை போயிற்று. வீட்டு இன்சூரன்ஸ் அவர் வேலையில்தான் இருந்தது. உனக்கோ ராத்திரி ராத்திரி இழுப்பு. நான் அப்போது ஒரு சின்ன ஆபீசில் ஐந்து வருஷமாகக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். நல்ல மனுஷர்கள். ஆனால் வரிக்கணக்கு வேலையைக் கற்றுக்கொடுங்கள் என்று இரண்டு முறை கேட்டும் தரவில்லை. வேறு இடத்தில் மணிக்கு நான்கு டாலர் அதிகம், இன்சூரன்ஸ் உண்டு, உன் பள்ளிக்கூடத்துக்குப் பத்து நிமிஷம். போய்விட்டேன்.

அப்பாவுக்கு வேலை போனதை நான் அங்கே யாரிடமும் சொல்லவில்லை. வாய் வரவில்லை. காசுக்காகப் போகிறாள் என்று பேசிக்கொண்டார்கள். அது பொய்யில்லை. அது மட்டும்தான் என்றால் பொய். தினமும் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிற ஒரு பெண்ணுக்கு எலுமிச்சை சாதம் என்றால் உயிர். முந்தின வாரம் அம்மாயி பேர் வெட்டின தூக்குப்போசியில் போட்டுக் கொடுத்திருந்தேன். கடைசி நாள் அதைக் கழுவித் துடைத்து என் மேஜைமேல் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாள். காருக்குள் உட்கார்ந்து அந்தப் போசியை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். அப்புறம் உன்னைக் கூப்பிட நேரமாகிவிட்டதென்று கிளம்பினேன்.

பிரிந்து போனதில் உனக்கு வலித்தது நிஜம், அதை நான் இல்லையென்று சொல்லமாட்டேன். அந்தப் பெண்ணுக்கும் வலித்திருக்கும். ஆனால் கேன்சஸ் இரண்டு வருஷமும் சீசன் தொடங்கும்போது முதலிடத்தில் இருந்தும், மார்ச்சில் கொன்சாகாவிடமும் ஆர்கன்சாஸிடமும் சீக்கிரமே தோற்று வெளியே வந்ததில் அந்தப் பையன் என்ன பாடு பட்டிருப்பான் என்று ஒரு நிமிஷம் நினைத்துப்பார். டிராஃப்ட் அன்றைக்கு அவனுக்கு 24 வயசு. உன்னைவிட ஒன்றிரண்டு வயசுதான் பெரியவன். பேர் வராத அன்றைக்கு அவன் வீட்டிலும் எல்லோரும் டிவி முன்னால்தானே உட்கார்ந்திருப்பார்கள்.

டிராஃப்ட் முடிந்தபின் என்பிஏவின் நியூ ஆர்லியன்ஸ் அணி அவனுக்கு ஒரு சின்ன ஒப்பந்தம் கொடுத்ததாம். அந்த அணி டெட்ராய்ட் வரும்போது டிக்கெட் எடுத்துவிடலாம் என்கிறார் அப்பா. அவன் கூட வருவானோ, வந்தாலும் இறக்குவார்களோ தெரியாது. தேதி தெரிந்ததும் சொல்கிறேன், லீவ் போட்டுவிட்டு வா. கண்ணாடிக்குக் கயிறு வாங்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா