காற்றில் ஏறிய கரி

அன்புள்ள கயலுக்கு,

அம்மாவும் நானும் நலம். முந்திரி இந்த வருஷம் நன்றாகப் பூத்திருக்கிறது. நீ போனில் கேட்டது அவசரமாகப் பேசி முடிக்கிற விஷயம் இல்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மாப்பிள்ளையின் ஆபீஸில் ஒருவர் சொன்னதாகச் சொன்னாயே, "பூமி எத்தனையோ முறை சூடாகிக் குளிர்ந்திருக்கிறது, எரிமலையும் சூரியனும் செய்கிற வேலைக்கு மனிதன்மேல் பழி போடுகிறார்கள்" என்று. அதில் முதல் பாதி உண்மை. பூமி பலமுறை சூடானது, பலமுறை உறைந்தது. ஒவ்வொரு முறையும் அதற்கு ஒரு காரணம் இருந்தது. இந்த முறை காரணம் எது என்பதற்குக் காற்றிலேயே சாட்சி இருக்கிறது. நெய்வேலிச் சுரங்கத்தில் வாழ்நாளெல்லாம் வேலை பார்த்தவனுக்கு அந்தச் சாட்சி கொஞ்சம் கிட்டத்திலேயே தெரியும்.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்சிஜன், மிச்சத்தில் பெரும்பங்கு ஆர்கான். கரியமில வாயு 0.04 சதவீதம் சொச்சம்தான். "இத்தனூண்டு வாயு என்ன செய்துவிடும்?" என்று அவர் அடுத்துக் கேட்பார். வெயிலில் காய்ந்த பூமி தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக மேலே அனுப்புகிறது. நைட்ரஜனும் ஆக்சிஜனும் அந்தக் கதிரைக் கண்டுகொள்வதே இல்லை. நீராவி, கரியமில வாயு, மீத்தேன் போன்ற சிலதான் அதைப் பிடித்து நாலாபக்கமும் திருப்பி விடுகின்றன, ஒரு பங்கு மறுபடி கீழே வருகிறது. இவை இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை மைனஸ் 18 டிகிரியில் கிடக்கும். இவை இருப்பதால்தான் 15 டிகிரி அளவில் நாம் வாழ்கிறோம். ஆகவே வெப்பக் கணக்கில் 99 சதவீதக் காற்றுக்கு வேலையே கிடையாது, அந்தக் கொஞ்சம்தான் எல்லாம்.

இதை நேற்று யாரோ கிளப்பிவிடவில்லை. 1856இல் அமெரிக்காவில் யூனிஸ் ஃபுட் என்ற பெண்மணி கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து, உள்ளே தெர்மாமீட்டர் வைத்து, வெயிலில் காயவிட்டார். கரியமில வாயு இருந்த குழாய்தான் அதிகம் சூடேறியது, ஆறவும் அதுவே அதிக நேரம் எடுத்தது. இந்த வாயு மிகுந்திருந்தால் பூமி சூடாக இருக்கும் என்று அவர் அப்போதே எழுதிவிட்டார். ஆல்பனியில் நடந்த விஞ்ஞானிகள் கூட்டத்தில் அந்தக் கட்டுரையை அவருக்குப் பதிலாகப் படித்தவர் ஜோசஃப் ஹென்றி என்ற ஆண். நம் பேத்திக்கு அந்தப் பெண்மணியின் பெயரைச் சொல்லி வை. அப்புறம் லண்டனில் டிண்டால், ஸ்வீடனில் அர்ரீனியஸ் என்று விஞ்ஞானிகள் வரிசையாக அதை உறுதி செய்தார்கள்.

இனி எரிமலைக்கு வருகிறேன். 1958இல் சார்லஸ் கீலிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில், சுமார் 3,400 மீட்டர் உயரத்தில், காற்றில் உள்ள கரியமில வாயுவை நாள் தவறாமல் அளக்க ஆரம்பித்தார். அப்போது பத்து லட்சத்துக்கு 315 பங்கு. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. மௌனா லோவாவே ஓர் எரிமலை, அதனால் "எரிமலை உச்சியில் அளந்தால் வேறென்ன வரும்?" என்று சிலர் சிரிப்பார்கள். மலையின் புகை வருகிற காற்றைப் பிரித்து ஒதுக்க அவர்களுக்குத் தெரியும். அதைவிட முக்கியம், எரிமலையே பக்கத்தில் இல்லாத தென்துருவத்திலும் இதே ஏற்றம்தான் பதிவாகியிருக்கிறது. உலகத்து எரிமலைகள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு விடுகிற கரியமில வாயு, மனிதர் விடுவதில் ஒரு சதவீதம்கூட வராது. நிலக்கரி, பெட்ரோல், எரிவாயு இவற்றை எரித்து நாம் விடுவது ஆண்டுக்கு 3,700 கோடி டன் அளவு.

"காற்றில் மிகுந்தது நாம் விட்டதுதான் என்று எப்படித் தெரியும்?" இதுதான் நல்ல கேள்வி. நீ சின்னப் பிள்ளையில் கேட்டு வாங்கி ஷோகேஸில் வைத்த லிக்னைட் துண்டு, அதாவது எங்கள் சுரங்கத்துப் பழுப்பு நிலக்கரி, ஞாபகம் இருக்கிறதா? பழுப்பு நிறம், ஓரத்தில் மர ரேகை கண்ணுக்கே தெரியும். வெட்டி எடுத்த புதிதில் பாதிக்குப் பாதி தண்ணீர், கையில் கனக்கும். இப்போது காய்ந்து வெடித்து, தொட்டால் செதில் செதிலாக உதிர்கிறது. அது உண்மையிலேயே மரம். எண்ணிப் பார்க்க முடியாத காலத்துக்கு முன் காற்றிலிருந்து கரியை, அதாவது கார்பனை, இழுத்து வளர்ந்த காடு. மூட்டைமேல் எந்த ஊர்ச் சரக்கு என்று எழுதியிருப்பதுபோல, கரிக்கும் மேலே அடையாளம் உண்டு. உயிரோடு இருக்கும் செடியில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கரி சிறிதளவு இருக்கும். செத்த பிறகு 5,730 ஆண்டுக்கு ஒருமுறை அது பாதியாகும். இத்தனை பழைய நிலக்கரியில் அது துளியும் மிஞ்சாது. ஆகவே நிலக்கரிப் புகை கலந்தால் காற்றில் கார்பன்-14இன் பங்கு குறைய வேண்டும். ஹான்ஸ் சூஸ் என்ற விஞ்ஞானி 1955இல் மரங்களின் வளையங்களை ஆராய்ந்து அப்படித்தான் குறைந்திருக்கிறது என்று காட்டினார். கார்பன்-13 என்று கொஞ்சம் கனமான இன்னொரு வகைக் கரி உண்டு, அதன் பங்கும் குறைகிறது. செடிகள் அதை விரும்பி எடுப்பதில்லை, அதனால் செடியிலிருந்து வந்த நிலக்கரியிலும் அது குறைவு. எரிமலைக் கரியில் அந்தக் குறை கிடையாது.

கூடவே ஆக்சிஜன் குறைகிறது. பயப்படாதே, மூச்சுக்குப் பஞ்சம் வருகிற அளவுக்கு இல்லை. கீலிங்கின் மகன் ரால்ஃப் கீலிங்தான் அதை நுணுக்கமாக அளந்தார். கடலிலிருந்தோ எரிமலையிலிருந்தோ வாயு வெளிவந்தால் ஆக்சிஜன் இப்படிச் செலவாகாது, எரித்தால்தான் செலவாகும். அப்பா அளந்ததையும் மகன் அளந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

சூரியன்தான் காரணம் என்றால் காற்று மண்டலம் மேலிருந்து கீழ்வரை சூடாக வேண்டும். நடப்பதோ, நாம் இருக்கும் கீழ் அடுக்கு சூடாகிறது, அதற்கு மேலே இருக்கும் ஸ்ட்ரேடோஸ்பியர் குளிர்கிறது. கரியமில வாயு கூடினால் இப்படித்தான் ஆகும் என்று மனாபே, வெதரால்டு என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1967இலேயே கணக்குப் போட்டுச் சொன்னார்கள். செயற்கைக்கோள்கள் 1978 முதல் சூரியனை அளந்து வருகின்றன, அதன் வீச்சு கூடவில்லை.

இதை எழுதும்போது எனக்கு மனதில் ஓடுவது சுரங்கம்தான். ஒரு டன் லிக்னைட் எரித்தால் ஏறத்தாழ ஒரு டன் கரியமில வாயு. பாதி தண்ணீர் என்றேனே, பிறகு எப்படி என்று கேட்பாய். 12 கிலோ கரி காற்றிலிருந்து 32 கிலோ ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு 44 கிலோ வாயுவாகப் போகிறது. மேல்மண்ணை பக்கெட் வீல் என்ற ராட்சதச் சக்கர எந்திரம் வெட்ட, அடிநீரைப் பம்புகள் இரவு பகலாக இறைக்க, நாங்கள் தோண்டி எடுத்ததில்தான் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் விளக்கு எரிந்தது. அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். அதனாலேயே, "இந்தியாவும் சீனாவும்தான் கெடுக்கின்றன" என்று அவர் சொன்னால் விட்டுவிடாதே. தலைக்கு விடுகிற கரியமில வாயு, ஓர் இந்தியருக்கு ஆண்டுக்கு 2 டன் அளவு, ஓர் அமெரிக்கருக்கு 14 டன் அளவு. நீ இப்போது இருக்கிற ஹூஸ்டனில் கார் இல்லாமல் கடைக்குப் போக முடியாது என்பது எனக்குத் தெரியும், உன்னைக் குறை சொல்லவில்லை. கணக்கு நியாயமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இங்கேயும் மாறுகிறது. 1962இல் ஓட ஆரம்பித்த முதல் அனல்மின் நிலையத்தை 2020இல் மூடிவிட்டார்கள். நெய்வேலியிலேயே சோலார் தகடுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன.

"இனி என்ன செய்தும் பிரயோஜனமில்லை" என்று நீ சோர்ந்து சொன்னாயே, அது மட்டும் தவறு, கண்ணு. நாம் விடும் கரியில் ஏறத்தாழ பாதியைக் கடலும் காடும் மண்ணும் இன்றைக்கும் வாங்கிக்கொள்கின்றன. நாம் விடுவதும் நாமே காற்றிலிருந்து திரும்ப எடுப்பதும் சமமாகிவிட்டால் வெப்பநிலை மேற்கொண்டு ஏறுவது அநேகமாக அங்கேயே நின்றுவிடும் என்றுதான் கணக்குகள் சொல்கின்றன. ஏறியது இறங்கப் பல நூற்றாண்டு ஆகும், உண்மை. ஆனால் எந்த இடத்தில் நிற்கும் என்பது இன்னும் முடிவாகவில்லை.

அந்த மனிதரை ஒருநாள் சாப்பிடக் கூப்பிடுங்கள். சண்டை வேண்டாம். கார்பன் கணக்கையும் ஆக்சிஜன் கணக்கையும் மட்டும் காட்டினால் போதும். அவர் வேறு ஏதாவது கேட்டால் எழுது, பதில் போடுகிறேன்.

அன்புடன்,
அப்பா