பசை காயட்டும், அவசரக்குடுக்கை

அன்புள்ள முருகா,

இரண்டு மாதமாகப் பதில் போடாதது தப்புதான், திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சுகம். தண்ணீரில் குளிர் தாங்கப் போட்டுக்கொள்ளும் உன் வெட்சூட் முழங்காலில் கிழிந்துவிட்டதாம், நீ பருத்தி நூலைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயாம். சேகர் சொன்னான். முதலில் ஊசியைக் கீழே வை.

அந்தச் சூட்டின் நியோபிரீன், முழுக்கக் குட்டிக் குட்டிக் காற்றறைகள் கொண்ட ரப்பர். ஊசி மறுபக்கம் வரை போனால் ஒவ்வொரு துளையிலும் தண்ணீர் வரும். நூலை இறுக்க இறுக்க அது ரப்பரை அறுக்கும். பருத்தி நூல் ஈரத்தில் மக்கியும் போகும். சூப்பர் குளூ பக்கமும் போகாதே. காய்ந்தால் விறைத்துவிடும். முழங்காலை மடக்கினாயானால் ஒட்டின இடத்தை ஒட்டியே புதுக் கிழிசல் விழும்.

வேண்டியது நியோபிரீன் சிமெண்ட், கறுப்புப் பசை. சூட்டை நல்ல தண்ணீரில் அலசி உப்பைப் போக்கி, நிழலில் ஒரு நாள் முழுக்கக் காயவிடு. வெளியே காய்ந்தாற்போல் தெரியும், கிழிசலுக்குள்ளே ஈரம் தங்கியிருக்கும். பிறகு கிழிந்த ஓரங்களை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடை.

கிழிந்த இடத்தை ஒரு பாட்டில் மேல் போட்டு வளைத்தால் கீறல் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். இரண்டு முகத்திலும் பல்குத்தும் குச்சியால் மெல்லிசாகப் பசை தடவு. 5 முதல் 10 நிமிடம் விடு. முதல் பூச்சை ரப்பர் உறிஞ்சிக்கொள்ளும், அதனால் இரண்டாவது பூச்சு கட்டாயம். மறுபடி அதே நேரம் காத்திரு. விரலின் பின்பக்கத்தால் தொட்டுப் பார்: பிடித்து இழுக்க வேண்டும், ஆனால் விரலில் பசை வரக் கூடாது. அப்போதுதான் பாட்டிலை எடுத்து, ஒரு முனையிலிருந்து ஓரத்தோடு ஓரம் சேர்த்து அழுத்திக்கொண்டே போ. தொட்டதும் பிடித்துக்கொள்ளும், நகர்த்த முடியாது.

நீ கோட்டைவிடுவது இங்கேதான் என்று பயப்படுகிறேன். உன் 'அஞ்சு நிமிஷம்' நமக்குத் தெரியாதா! ஈரப் பசையை மூடினால் பசையை இளக்கி வைத்திருக்கும் கரைப்பான் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும். மேலே கெட்டியாகத் தெரியும், இழுத்தால் தோல் மாதிரி உரிந்துவரும். நிறையப் பூசினாலும் இதே கதிதான். ஒட்டியபின் 24 மணி நேரம் தண்ணீரில் இறங்காதே.

இன்னொன்று, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. அந்தப் பசையின் ஆவி தீப்பற்றும், தலையைச் சுற்றவைக்கும். ஜன்னலைத் திறந்துவை, அடுப்பிருக்கும் அறையில் செய்யாதே.

ரப்பரின் இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும் துணியும் கிழிந்திருந்தால், பசை காய்ந்தபின் நைலான் நூலால் ரப்பரின் பாதி ஆழம் வரை மட்டும் ஊசியை விட்டுத் தை. கிழிசல் பழைய தையல் ஓரத்தில் என்றால் உள்பக்கம் டேப்பும் ஒட்ட வேண்டியிருக்கும். எந்த இடம், எத்தனை மில்லிமீட்டர் தடிமனுள்ள சூட் என்று உடனே எழுது. அதுவரை பசையைத் திறக்காதே.

உன்,
கதிர்