பொருள்: ஆசிரியர்களுக்கு அப்பா பெயரில் மின்னஞ்சல் முகவரி கொடுத்ததும், கேட்டால் ஏற்காட்டுக்கு அலையவிட்டதும்

பெறுநர்: மேலாளர் அவர்கள், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
அனுப்புநர்: பல்கலைக்கழகக் கணினி மையப் பொறுப்பாளர், சேலம்

ஐயா,

வணக்கம். எங்கள் மின்னஞ்சல் வேலையை உங்களிடம் ஒப்படைத்த நாளிலிருந்து படும் பாட்டை எழுத்தில் வைத்துவிடலாம் என்றுதான் இந்தக் கடிதம். போனில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. உங்கள் தளத்தில் புகார் டிக்கெட் போட்டால் இரவோடு இரவாக ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடிவிடுகிறீர்கள்.

புதிய மின்னஞ்சல் கணக்கு உருவாக்கும்போது வரும் அந்த இரண்டாவது திரை உங்களுக்கே தெரியும். முதல் பெயர், கடைசிப் பெயர், இரண்டுக்கும் சிவப்பு நட்சத்திரம், அதாவது இரண்டையும் நிரப்பியே ஆக வேண்டும். எங்கள் ஊரில் கடைசிப் பெயருக்கு எங்கே போவது? இனிஷியல்தான் உண்டு. ஒற்றை எழுத்தைப் போட்டால் உங்கள் திரை ஏற்காது. அதனால் உங்கள் ஆள் சம்பளப் பட்டியலில் இருந்து அப்பா பெயர்களை எடுத்து அந்தக் கட்டத்தில் ஒட்டிவிட்டார். அதோடு விட்டாரா? முகவரிக்குக் கடைசிப் பெயரையே முன்னால் வைத்து மொத்தப் பேருக்கும் உருவாக்கிவிட்டார். தாவரவியல் துறைத் தலைவர் அம்மாவின் முகவரி இப்போது பழனிசாமி. அது அவருடைய காலமான தந்தையின் பெயர். வெளியூர்க் கடிதங்கள் எல்லாம் ‘அன்புள்ள திரு. பழனிசாமி’ என்றே வருகின்றன. அந்த அம்மா என் மேசைக்கு எதிரே நின்று, ஒன்றும் பேசாமல் போனை நீட்டிக் காட்டினார். நான் என்ன பதில் சொல்வது?

மீனாட்சிசுந்தரம் என்ற பெயரை 15 ஆங்கில எழுத்தோடு வெட்டி மீனாட்சிசுந்தர் ஆக்கிவிட்டீர்கள். முகவரியில் அட் (@) குறிக்கு முன்னால் 64 எழுத்து வரை வைக்கலாம் என்று 2008-இல் வந்த ஆர்.எஃப்.சி 5321 என்ற மின்னஞ்சல் தரநிலை ஆவணம் சொல்கிறது. நீங்கள் படிக்காததா?

இதைக் கேட்டதற்கு உங்கள் உதவி மையத்தில் ஒருவர் சொன்னார்: “உலகம் பூரா இதான் சார் சிஸ்டம். உங்க ஆளுங்கள சர்நேம் வச்சுக்கச் சொல்லுங்க.” சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். அந்த அழைப்பு பதிவாகியிருக்கும். நீங்களே ஒரு தடவை கேளுங்கள்.

அப்புறம் உங்கள் மண்டல அதிகாரி. கோப்போடு நேரில் வந்தால் முடித்துத் தருகிறேன் என்றார். ஐந்து ரோடு அலுவலகத்துக்குப் போனால் பூட்டு. போன் செய்தால், “கம்பெனி மீட்டிங், ஏற்காட்ல இருக்கேன், மேல வந்துடுங்க” என்கிறார். 20 கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸில் நின்றபடியே ஏறிப் போனேன். ஐயா படகுச் சவாரியில் இருந்தார். சாவகாசமாக வந்தவர் கோப்பைத் திறக்கவே இல்லை. அதன் மேல் டீ கிளாசை வைத்துவிட்டு, “சிஎஸ்வியா மெயில் பண்ணிடுங்க சார்” என்றார். பட்டியலைக் கணினிக் கோப்பாக்கி மின்னஞ்சலில் அனுப்ப வேண்டுமாம். மெயில்தானே ஐயா பிரச்சினை! கோப்பின் அட்டையில் அந்த டீ வட்டம் இன்னும் இருக்கிறது. துணைவேந்தர் கேட்டால் அதையே சாட்சியாகக் காட்டுவேன்.

முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியது ஒன்று. ஓய்வு பெற்ற பேராசிரியரின் முகவரியை, அதே பெயரில் புதிதாகச் சேர்ந்தவருக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறீர்கள். பிஎச்.டி மதிப்பீட்டு அறிக்கை புதியவர் பெட்டியில் விழுகிறது. பழையவர் எங்காவது பாஸ்வேர்டு மாற்றக் கேட்டால், அதற்கான இணைப்பும் புதியவருக்கே வருகிறது. இது விளையாட்டா? கார்த்திக்குகளுக்கு 1, 2, 3 என்று எண் போட்டதில் மதிப்பெண் பட்டியல் வேறு கார்த்திக்குக்குப் போய்விட்டது. இந்தக் கல்வியாண்டே நாசம், பல்கலைக்கழகத்தின் மானம் கப்பலேறிவிட்டது.

தயவுசெய்து இதைச் செய்து கொடுங்கள். பெயர் முன்னால், இனிஷியல் பின்னால். இரண்டு பேருக்கு ஒன்றுபோல் வந்தால் எண் வேண்டாம், அவரவர் சம்மதித்தால் இனிஷியலை விரித்துக்கொள்ளலாம். துறைப் பெயரும் வேண்டாம், ஆட்கள் துறை மாறுவார்கள். கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறினால் புதிய முகவரியை அதே பெட்டியோடு இணையுங்கள், பழையதை அழிக்காதீர்கள். போனவர் முகவரியை யாருக்கும் கொடுக்கவே கூடாது. இதெல்லாம் கணக்குகளை நிர்வகிக்கும் உங்கள் கன்சோலில் முடியும் என்று எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாதா?

உங்கள் மீதித் தொகைக்கான பில் நிதி அலுவலர் மேசையில் இருக்கிறது. இந்த மாதத்துக்குள் சரிசெய்யாவிட்டால் அதில் கையெழுத்து விழாது. வக்கீல் நோட்டீஸ் வரும், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போவோம். அந்த நிலைக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பதிலைத் தபாலில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கணினி மையப் பொறுப்பாளர்