ஸ்கோர் ஷீட்டில் காயத்துக்கும் ஒரு கட்டம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோவில்பட்டியில் இயன்முறை சிகிச்சை நிலையம் நடத்துகிறேன். பள்ளியில் படிக்கும்போது கபடி ஆடியவள். பள்ளிகளுக்கு இடையிலான போட்டிகள் தொடங்கிவிட்டால் உங்கள் மாவட்டப் பக்கத்தில் கோப்பையோடு நிற்கும் பிள்ளைகளின் படங்கள் வருகின்றன. கரிசல் காட்டு ஊர்களின் பெயரை அங்கே பார்க்கும்போது மனசு நிறைந்துவிடுகிறது. அதே வாரங்களில்தான் என்னிடம் முழங்கால் வீங்கிய பெண் பிள்ளைகளும் வருகிறார்கள். குறுவட்டப் போட்டியில் யார் எத்தனை புள்ளி எடுத்தார் என்பதற்குத் தாள் இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது. யாருக்கு அடிபட்டது, எப்படிப் பட்டது, அந்தப் பிள்ளை மறுபடி ஆட வந்தாளா என்று எழுதுவதற்கு நான் உடன் போன எந்தப் போட்டியிலும் ஒரு தாளைப் பார்த்ததில்லை.

வருகிற காயங்களில் நான் அதிகம் பயப்படுவது ஏ.சி.எல். கிழிவதற்குத்தான். ஊரில் "ஜவ்வு கிழிந்துவிட்டது" என்பார்களே, அது. முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் இணைத்து, கீழ்க்கால் முன்னே நழுவாமலும் மூட்டு திருகாமலும் பிடித்திருக்கும் ஜவ்வு. மேலே விழுந்து அமுக்கினால்தான் இது கிழியும் என்று பலரும் நினைக்கிறார்கள். கபடியில் அப்படியும் நடக்கும். ஆனால் ரெய்டு போன பிள்ளை நடுக்கோட்டைப் பார்த்துச் சட்டென்று திரும்பும்போதோ, எம்பிக் குதித்து ஒற்றைக்காலில் இறங்கும்போதோ, ஒருவரும் தொடாமலே கிழிவதும் உண்டு. ஹேண்ட்பால், கூடைப்பந்து ஆடும் பெண்களுக்கு இந்தக் காயம் பட்ட 10 சம்பவங்களின் வீடியோவை நார்வே ஆய்வாளர்கள் அங்குலம் அங்குலமாக அலசிப் பார்த்தார்கள். கால் தரையில் பட்டு சுமார் 40 மில்லி விநாடிக்குள் ஜவ்வு போய்விடுகிறது என்று கணக்கிட்டார்கள். அந்த நேரத்துக்குள் யோசித்துக் காலைச் சரியாக வைக்க யாராலும் முடியாது. எப்படி இறங்க வேண்டும் என்பது உடம்புக்கு முன்பே பழகியிருக்க வேண்டும். ஒரே விளையாட்டை ஆடினாலும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்தக் காயம் இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்பதும் பல நாடுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்துவந்த உண்மை.

என்னிடம் வந்த ஒரு பதினோராம் வகுப்புப் பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். ஆட்டத்தில் திரும்பியபோது முழங்காலுக்குள் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டதாக அவளே சொன்னாள். சாயங்காலத்துக்குள் முட்டி பந்துபோல வீங்கிவிட்டது. எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பில் விரிசல் இல்லை, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி கிரேப் பேண்டேஜ் சுற்றி அனுப்பிவிட்டார்கள். வீட்டில் சுளுக்கு வழித்தார்கள். வீக்கம் வடிந்தது, நடக்க முடிந்தது. மாவட்டப் போட்டி நெருங்கியதால் மறுபடி இறக்கிவிட்டார்கள். முதல் பாதியிலேயே கால் மடங்கி விழுந்தாள். என்னிடம் வந்தபோது ஜவ்வோடு சேர்த்து உள்ளே மெத்தைபோல இருக்கும் குருத்தெலும்பும் கிழிந்திருந்தது. முதல் தடவையே கண்டுபிடித்திருந்தால் அந்தக் குருத்தெலும்பு மிஞ்சியிருக்க வாய்ப்பு அதிகம்.

எக்ஸ்ரே காட்டுவது எலும்பை. ஜவ்வு அதில் தெரியாது. இதைப் பெற்றோரும் உடற்கல்வி ஆசிரியர்களும் மனதில் வைத்துக்கொண்டாலே பாதிப் பிள்ளைகள் தப்பிவிடுவார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அடிபட்டபோது சத்தம் கேட்டதா? சில மணி நேரத்துக்குள் வீங்கியதா? கால் ஊன்றும்போது முட்டி 'விலகுவது' போல இருக்கிறதா? இவற்றில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்று பதில் வந்தாலும், எக்ஸ்ரே நன்றாக இருந்தாலும்கூட, முழங்காலைக் கையால் சோதிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்ட வேண்டும். லாக்மன் சோதனை என்று ஒன்று உண்டு. முழங்காலைக் கொஞ்சமாக மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்து, மறு கையால் கீழ்க்காலை முன்னே இழுத்துப் பார்ப்பது. நல்ல ஜவ்வு 'டக்' என்று பிடித்து நிறுத்தும். கிழிந்தது நிறுத்தாது. 1976இல் வெளியான கட்டுரை ஒன்று இதை விவரித்தது. இதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. பழகிய கை போதும். வீக்கமும் வலியும் அதிகமாக இருக்கும்போது சரியாகத் தெரியாது என்பதால், வீக்கம் வடிந்தபின் மறுபடி சோதிக்க வேண்டும். அந்த மறு சோதனைக்குத்தான் பிள்ளைகள் வருவதில்லை. வலி போனால் காயம் போய்விட்டது என்று நினைத்துவிடுகிறார்கள்.

சரி, வராமல் தடுக்க வழி உண்டா? உண்டு. ஸ்வீடனில் கால்பந்து ஆடும் 12 முதல் 17 வயதுப் பெண்கள் 4,564 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2012இல் வெளியானது. ஒரு பிரிவு அணிகள் வழக்கம்போலப் பயிற்சி செய்தன. மற்றப் பிரிவு வாரம் இரண்டு முறை, 15 நிமிடம், ஆறே பயிற்சிகளைச் செய்தது. ஒற்றைக்காலில் பாதி உட்கார்ந்து எழுவது, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, இரண்டு காலில் உட்கார்ந்து எழுவது, முன்கைகளை ஊன்றி உடம்பை நேராக நிறுத்துவது, ஒரு காலை முன்னே வைத்து இறங்குவது, குதித்துச் சரியாகத் தரையிறங்குவது. அவ்வளவுதான். பயிற்சி செய்த அணிகளில் ஏ.சி.எல். காயம் 64 சதவீதம் குறைந்தது. ஒழுங்காகச் செய்த பெண்களிடம் காயம் இன்னும் அதிகமாகக் குறைந்தது.

இந்த ஆறையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கரிசல் தரையில் வெறுங்காலோடு செய்யலாம். பந்து வேண்டாம், ஜிம் வேண்டாம். பார்க்க வேண்டியது முழங்கால் உள்பக்கமாகச் சாய்கிறதா என்பதுதான். முட்டி பாதத்துக்கு நேராக நிற்க வேண்டும். குதித்து இறங்கும்போது முட்டி மடங்க வேண்டும், 'தொப்' என்று சத்தம் வரக் கூடாது. பிள்ளைகளை ஜோடி ஜோடியாக நிறுத்தி, ஒருத்தி செய்ய இன்னொருத்தியைப் பார்க்கச் சொன்னால் தவறுகளை அவர்களே கண்டுபிடித்துவிடுகிறார்கள். நாலு பேர் சேர்ந்து முட்டி மேல் விழுவதை இந்தப் பயிற்சி தடுத்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஸ்வீடனில் ஆடியது கால்பந்து, நாம் ஆடுவது கபடி. ஆனால் தானாகத் திரும்பும்போதும் தானாக இறங்கும்போதும் கிழிகிற ஜவ்வுக்கு, அங்கே பொருந்தியது இங்கே ஏன் பொருந்தாது? அதை நாமே அளந்து பார்க்கலாமே.

தரையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பிள்ளைகள் மண்ணில் பழகுகிறார்கள். கோயில் கொடைக்கு நடக்கும் மின்னொளி கபடியும் பெரும்பாலும் மண்ணில்தான். மேல்மட்டப் போட்டிக்குப் போனால் ஷூ மாட்டி, 'மேட்' என்கிற செயற்கை விரிப்பில் இறங்க வேண்டும். அந்த ஷூவும் பல நேரம் அக்காமாரிடம் இரவல் வாங்கியது. மண்ணில் கால் கொஞ்சம் சறுக்கிக் கொடுக்கும், மேட்டில் ஷூ கவ்விப் பிடிக்கும். பாதம் நின்றுவிட, உடம்பு திரும்ப, நடுவில் மாட்டிக்கொள்வது முழங்கால். நார்வேயில் ஹேண்ட்பால் ஆடும் பெண்களுக்கு மரத்தளத்தைவிடச் செயற்கைத் தளத்தில் இந்தக் காயம் அதிகம் என்று ஏற்கெனவே காட்டியிருக்கிறார்கள். மேட்டில் ஆடப்போகிற அணிக்கு முன்கூட்டியே மேட்டில் பழக வாய்ப்புத் தர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

நார்வே கதையில் நம் அதிகாரிகள் கவனிக்க வேண்டிய பகுதி வேறொன்று. அங்கே பெண்கள் ஹேண்ட்பாலில், இப்படியொரு தடுப்புப் பயிற்சி தொடங்குவதற்கு முந்தைய பருவத்தில் 29 ஏ.சி.எல். காயங்கள். பயிற்சியைக் கொண்டுவந்த முதல் பருவத்தில் 23, அடுத்ததில் 17. ஆய்வு முடிந்தது, ஆய்வாளர்கள் மைதானத்தை விட்டுப் போனார்கள். அணிகள் பயிற்சியை மெல்லக் கைவிட, காயங்கள் மறுபடி ஏறின. தொடர்ந்து எண்ணிக்கொண்டிருந்ததால்தான் அந்த ஏற்றம் கண்ணில் பட்டது. மறுபடி அணிகளைத் தேடிப்போய்ப் பயிற்சியைக் கொண்டுவந்த பிறகே குறைந்தது. அதனால்தான் ஒருநாள் விழிப்புணர்வு முகாம் நடத்தி, பேனரோடு படம் எடுத்துப் போவதில் எனக்கு நம்பிக்கையில்லை. விதியாக வேண்டும், எண்ணவும் வேண்டும்.

அப்புறம், அடிபட்ட பிள்ளைகளின் கதை. அறுவை சிகிச்சை செய்தால் எல்லாம் முடிந்தது என்று வீட்டில் நினைக்கிறார்கள். தையல் பிரித்த பிறகு பயிற்சிக்கு வருவது குறைகிறது. பஸ் செலவு, அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆலையில் வேலை, கூட வர ஆள் கிடையாது. யாரையும் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் தொடைத் தசை சில வாரத்திலேயே கண்ணுக்குத் தெரியும்படி மெலிந்துவிடும். அதைத் திரும்ப ஏற்றாமல் விட்டால் புது ஜவ்வும் நிலைக்காது. ஸ்வீடனில் 121 பேரிடம் செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், உடனே அறுவை செய்துகொண்டவர்களுக்கும் முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் பிறகு அறுவை என்று இருந்தவர்களுக்கும் இரண்டு வருடம் கழித்து முழங்கால் நிலையில் பெரிய வித்தியாசமில்லை. இரண்டாவது பிரிவில் பாதிக்கும் மேற்பட்டோர் அதுவரை அறுவைக்கே போகவில்லை. இதை வைத்து அறுவை வேண்டாம் என்று யாரும் முடிவெடுக்கக் கூடாது. கபடிபோலச் சுழன்று திரும்பும் ஆட்டத்துக்குப் போக நினைக்கிறவர்களுக்கு அது தேவைப்படலாம், மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். இரண்டு வழியிலும் மாதக்கணக்கான பயிற்சிக்கு விலக்கு கிடையாது என்பதைத்தான் சொல்கிறேன்.

எப்போது திரும்ப ஆடலாம்? இந்தக் கேள்விக்கு "ஆறு மாசம் ஆச்சுல்ல" என்ற பதிலைத்தான் அதிகம் கேட்கிறேன். நார்வேயிலும் அமெரிக்காவிலும் 106 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு 2016இல் வந்தது. அறுவைக்குப் பிறகு ஒன்பதாம் மாதம் வரை, ஆட்டத்தைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. தசை பலம், ஒற்றைக்கால் தாவல் ஆகியவற்றில் அடிபட்ட கால் நல்ல காலின் 90 சதவீதத்துக்கு மேல் வந்து, மற்றச் சோதனைகளிலும் தேறியவர்களில் மறுபடி அடிபட்டது 100க்கு 6 பேருக்கும் குறைவு. தேறாமலே ஆடப் போனவர்களில் 100க்கு 38 பேர். ஆய்வு சிறியதுதான். ஆனாலும் காலண்டரைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு இது போதும். தசை பலத்தை அளக்கும் பெரிய இயந்திரம் எங்கள் ஊரில் இல்லாவிட்டாலும், சாக்பீஸால் கோடு போட்டு, டேப் பிடித்து, ஒற்றைக்காலில் எவ்வளவு தூரம் தாவுகிறாள் என்று இரண்டு காலையும் ஒப்பிடலாம். அதில் தேறாத பிள்ளையை எந்தக் கோப்பைக்காகவும் இறக்கக் கூடாது.

ஆண் பிள்ளைக்கு அடிபட்டால் "சரியானதும் ஆடு" என்கிறார்கள். பெண் பிள்ளைக்கு அடிபட்டால் "பொம்பளப் புள்ளைக்கு இது எதுக்கு" என்று அன்றோடு முடித்துவிடுகிறார்கள். விளையாட்டு விடுதியில் இடம், கல்லூரியில் சேர்க்கை, அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீடு என்று அவள் கட்டிவைத்த கனவு அத்தனையும் அந்த முழங்காலில் இருக்கிறது. என்னிடம் வரும் அம்மாக்களிடம் வினேஷ் போகாட்டைப் பற்றிச் சொல்வேன். 2016 ரியோ ஒலிம்பிக்கில் முழங்காலில் அடிபட்டு ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போனார்கள். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றார். ஒழுங்காகச் சிகிச்சையும் பயிற்சியும் கிடைத்தால் திரும்ப முடியும்.

பள்ளிக் கல்வித் துறையும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் செய்ய வேண்டியது பெரிய செலவுள்ள காரியமில்லை. குறுவட்டத்திலிருந்து முதலமைச்சர் கோப்பை வரை ஒவ்வொரு ஆட்டத்தின் ஸ்கோர் ஷீட்டிலும் காயத்துக்கு ஒரு கட்டம் போடட்டும்: எந்த உறுப்பு, யாராவது தொட்டார்களா, மண்ணா மேட்டா, ஆட்டத்தைத் தொடர்ந்தாளா. அந்தத் தாள்களை மேலக்கோட்டையூரில் இருக்கும் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினால், நம் கபடியில் எது எப்படிக் கிழிகிறது என்பதை நம் மாணவர்களே ஆராய்ந்து சொல்வார்கள். அணியைப் பதிவு செய்யும் படிவத்தில், அந்த 15 நிமிடப் பயிற்சியை வாரம் இரண்டு முறை செய்தோம் என்று உடற்கல்வி ஆசிரியரின் உறுதிமொழியைக் கேட்கட்டும். பெரிய முழங்கால் காயத்துக்குப் பிறகு வரும் பிள்ளைக்கு, எத்தனை மாதம் ஆனது என்பதோடு கால் சோதனையின் அளவும் சான்றிதழில் இருக்கட்டும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். போட்டிகள் தொடங்கும் முன் ஒரு நாள், அந்த ஆறு பயிற்சிகளையும் படத்தோடு விளையாட்டுப் பக்கத்தில் வெளியிடுங்கள். பெரும்பாலான உடற்கல்வி அறைகளில் நாளிதழ் கிழித்து ஒட்டிய சுவர் ஒன்று இருக்கும், அங்கே போய்ச் சேர்ந்துவிடும். படம் வேண்டுமென்றால் சொல்லுங்கள், பெற்றோர் அனுமதியோடு எங்கள் ஊர்ப் பிள்ளைகளைச் செய்யச் சொல்லி, சரியான முறையையும் தவறான முறையையும் எடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓர் இயன்முறை சிகிச்சையாளர்,
கோவில்பட்டி.