பணம் போனால் புகார், பெயர் போனால்?

ஆசிரியர் அவர்களுக்கு,

இணையவழி ஏலத்தில் பழைய நாணயம் வாங்கி ஏமாந்தவர்களைப் பற்றி அவ்வப்போது செய்தி வருகிறது. விற்கிறவனின் பெயரைத் திருடி விற்பதைப் பற்றி யாரும் எழுதக் காணோம். கரூரில் தகப்பனார் காலத்திலிருந்து நாணயக் கடை வைத்திருக்கிறோம். சில ஆண்டுகளாக ஓர் ஏலத் தளத்திலும் விற்று வருகிறேன்.

சென்ற மாதம் சேலத்திலிருந்து ஒருவர் கடைக்கே வந்து, 1939-ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் ஒன்றை மேசைமேல் வைத்து, "இது நீங்கள் அனுப்பியதுதானே?" என்று கோபமாகக் கேட்டார். ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட ரூபாய்களில் அந்த ஆண்டுக் காசு மிக அரிது, 1938 அப்படியல்ல. அதனால் 8-ஐ 9 ஆக்குவது எங்கள் தொழிலில் பழைய தில்லுமுல்லு. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கடைசி இலக்கத்தைச் சுற்றி மட்டும் வெள்ளி புதிதாகப் பளபளத்தது. கீழ் வளையத்தின் இடப்பக்கம் சுரண்டிய தடம்.

அவர் காட்டிய ஏலப் பக்கத்தில் என் கடையின் பெயர், கடைசியில் ஓர் எழுத்து மட்டும் கூடுதலாக. படமும் என்னுடையதுதான். போலியோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்று அசல் காசைப் படம் எடுத்து நான் முன்பு போட்டிருந்தேன். ஓரத்தில் என் கட்டைவிரல் நகம்கூட அப்படியே இருந்தது!

தளத்துக்கு எழுதினேன். "இரண்டும் வெவ்வேறு கணக்குகள், விதிமீறல் ஏதுமில்லை" என்று பதில் வந்தது. வெவ்வேறு கணக்கு என்பதுதானே ஐயா என் புகாரே? புகார் கொடுக்கப் போன இடத்தில், "உங்களுக்கு எவ்வளவு பணம் போனது?" என்று கேட்டார்கள். ஒன்றும் போகவில்லை என்றேன். அப்படியானால் பணம் இழந்தவர் வரட்டும் என்று அனுப்பிவிட்டார்கள்.

கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவு. 2020-இன் மின்வணிக விதிகளோ, 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு என்று வாங்குபவரின் புகாருக்குத்தான் கெடு வைத்திருக்கின்றன. விற்பவன் எந்தக் கதவைத் தட்டுவது?

பழைய நோட்டு, நாணய வியாபாரத்தில் தன் பெயரையும் சின்னத்தையும் காட்டி, கமிஷன் என்றும் வரி என்றும் பணம் பறிக்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரிக்க வேண்டியிருந்தது. ரிசர்வ் வங்கி சொன்னால் ஊரெங்கும் செய்தியாகும். கரூர்க் கடைக்காரன் சொன்னால், தன் சரக்கை மறுக்கப் பார்க்கிறான் என்பார்கள்.

ஏற்கெனவே விற்றுவரும் கடையின் பெயரை ஓர் எழுத்து மாற்றி யாராவது கணக்குத் தொடங்கினால், வணிகப் பதிவுச் சான்றைக் கேட்டு வாங்கிய பிறகே தளம் அனுமதிக்கட்டும். கடைக்காரர் புகார் கொடுத்த நாளிலிருந்து விசாரணை முடியும்வரை அந்தக் கணக்கின் ஏலங்களும் பணமும் நிறுத்தி வைக்கப்பட வேண்டும். கமிஷனைப் பிடித்துக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு இது ஒன்றும் பெரிய வேலையில்லை.

அதுவரை, என் கடைப் பெயரைப் பார்த்து ஏலம் கேட்பவர்கள் பணம் அனுப்புமுன் கடைக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். 1939 ரூபாய் என்னிடம் விற்பனைக்கு இல்லை.

இப்படிக்கு,
நாணய வியாபாரி ஒருவர்,
கரூர்.